எட்மண்ட் மோர்கன்: பியூரிட்டன் ஆய்வாளரா, அடிமைமுறை வரலாற்றாளரா?

தூண்டில் | மார்ச் 3, இரவு 9.12

நேரடியாகவே கேட்கிறேன். எட்மண்ட் எஸ். மோர்கனை (1916–2013) அமெரிக்க அடிமைமுறை வரலாற்றின் தூண் என்கிறார்கள். அவர் நூல் பட்டியலைப் பார்த்தால் பியூரிட்டன் (கண்டிப்பான ஆங்கிலப் புராட்டஸ்டண்ட் பிரிவினர்) குடும்பம், ஜான் வின்த்ரோப், எஸ்ரா ஸ்டைல்ஸ், ரோஜர் வில்லியம்ஸ் என்று முக்கால்வாசி நியூ இங்கிலாந்துச் சாமியார்கள். அடிமைமுறை பற்றி 1975-இல் ஒரே ஒரு புத்தகம், அதுவும் 59 வயதில். அதன் சாரமும் ஒரு வரிதான்: 1676-இல் வர்ஜீனியா ஆளுநருக்கு எதிராக நத்தானியல் பேக்கன் நடத்திய கலகத்தில் வெள்ளை ஏழையும் கறுப்பு அடிமையும் சேர்ந்தார்கள், முதலாளிகள் பயந்துபோய் வெள்ளைப் பணியாளை (சில ஆண்டு ஒப்பந்தத்தில் உழைப்பவர்) விட்டுவிட்டுக் கறுப்பு அடிமைக்கு மாறினார்கள். இதற்கா இவ்வளவு பெயர்?

ஏட்டுப்புழு | மார்ச் 3, இரவு 10.40

அந்த ஒரு வரி மோர்கனுடையது அல்ல. இணையத்தில் அவர் பெயரில் சுற்றும் வரி.

'அமெரிக்கன் ஸ்லேவரி, அமெரிக்கன் ஃப்ரீடம்' நூலின் 15-ஆவது அத்தியாயத்தில் அவர் சொல்வது கிட்டத்தட்ட இதற்கு நேர் எதிர். பணியாளுக்குப் பதில் அடிமையை வாங்கிய தோட்டக்காரர்கள், அதனால் சமூகம் அமைதியாகும் என்று எண்ணி வாங்கியதாகத் தெரியவில்லை. அடிமைகள் பெருகினால் கலக ஆபத்து கூடும் என்றுதான் அஞ்சினார்கள் என்கிறார். அடிமைமுறைக்கு மாறுவோம் என்று யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை. ஒவ்வொருவரும் தன் தோட்டத்துக்கு எது லாபமோ அதை வாங்கினார்கள். கலகக் கும்பல் குறைந்தது அதன் பக்கவிளைவு. ஏழை வெள்ளையரையும் கறுப்பரையும் திட்டம்போட்டுப் பிரித்த வேலை தனி. அதைச் சட்டமன்றம் சட்டங்கள் வழியாகச் செய்தது. வாங்கியது வேறு, பிரித்தது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்தால் நீங்கள் எழுதிய வரி வரும்.

முதலாளிகளின் திட்டமிட்ட செயல் என்று வாதிட்டவர் தியடோர் ஆலன். அந்தோனி பேரன்ட்டும் 2003-இல் பெருந்தோட்டக்காரர்களின் நோக்கத்தை முன்னே வைத்தார். ஆலனைப் படித்துவிட்டு மோர்கன் பெயரில் பில் போடுகிறார்கள்.

ஏட்டுப்புழு | மார்ச் 3, இரவு 11.05

வாழ்க்கைப் பாதையையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் '59 வயதில்' என்ற கேள்விக்கு விடை கிடைக்கும். பிறந்தது மினியாபோலிஸ், வளர்ந்தது மாசசூசெட்ஸ் கேம்பிரிட்ஜ். அப்பா ஹார்வர்ட் சட்டப் பேராசிரியர். ஹார்வர்டில் பெர்ரி மில்லரிடம் பாடம், 1942-இல் முனைவர் பட்டம். போருக்கு எதிரானவராக இருந்தவர் பிரான்ஸ் வீழ்ந்தபின் மனம் மாறி, எம்.ஐ.டி. கதிர்வீச்சு ஆய்வகத்தில் ரேடார் பாகங்கள் கடையும் லேத் தொழிலாளியானார். பிறகு சிகாகோவில் ஓராண்டு, 1946 முதல் பிரவுன், 1955 முதல் 1986 வரை யேல்.

1970 வாக்கில்தான் வர்ஜீனியா பக்கம் திரும்பினார். 1971-இல் ஒரே ஆண்டில் இரண்டு கட்டுரைகள், ஒன்று வர்ஜீனியாவின் முதல் ஆங்கிலக் குடியேற்றமான ஜேம்ஸ்டவுனின் தொழிலாளர் சிக்கல் பற்றி, மற்றது 1618–30 புகையிலைச் செழிப்பு பற்றி. 1972-இல் அமெரிக்க வரலாற்றாளர் அமைப்பின் தலைவராக அடிமைமுறையும் விடுதலையும் பற்றிய உரை. 1975-இல் நூல்.

ஏட்டுப்புழு | மார்ச் 4, காலை 6.50

மேலே '1970 வாக்கில்தான்' என்று எழுதியது தப்பு. 1952-இலேயே காலனியல் வில்லியம்ஸ்பர்க் வெளியீடாக 'வர்ஜீனியன்ஸ் அட் ஹோம்' என்ற சின்ன நூல் எழுதியிருக்கிறார், பணியாளர்–அடிமை பற்றி அதில் ஓர் அத்தியாயமே உண்டு. அடிமைகளையும் 'குடும்பம்' என்ற பெட்டிக்குள் வைத்துப் பார்த்த நூல் அது. அதே ஆள் இருபது ஆண்டு கழித்துக் குடும்பத்தை ஓரமாக வைத்துவிட்டு, வரிக் கணக்கையும் சாவுக் கணக்கையும் கையில் எடுத்தார். எனக்கு மோர்கனிடம் முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். கேள்வி மாறியதும் ஆவணத்தையும் மாற்றினார்.

கணக்கன் | மார்ச் 4, காலை 10.20

சாவுக் கணக்கு என்றதும் வந்தேன். மோர்கன் வாதத்தின் முதுகெலும்பு இது: ஒருவர் வர்ஜீனியாவில் இறங்கிய முதல் ஐந்து ஆண்டுகளில் சாகும் வாய்ப்பு பாதிக்கு மேல் என்றால், ஐந்தாண்டுப் பணியாளை வாங்குவதே லாபம், ஆயுளுக்கும் அடிமை என்று இருமடங்கு விலை கொடுப்பது வீண்.

போட்டுப் பாருங்கள். எண்கள் விளக்கத்துக்கு மட்டும். பணியாள் 10 பவுண்டு, அடிமை 20 பவுண்டு, பத்துப் பத்துப் பேர். முதலீடு 100, 200. ஐந்தாண்டில் பாதிப் பேர் சீராகச் செத்தால் இரண்டு குழுவிலும் கிடைக்கும் உழைப்பு சுமார் 37.5 ஆள்-ஆண்டு. அடிமைக்குக் கூடுதலாகக் கொட்டிய 100 பவுண்டை எடுக்க, மிஞ்சிய ஐந்து பேர் இன்னும் 37.5 ஆள்-ஆண்டு உழைக்க வேண்டும், அதாவது ஆளுக்கு 7.5 ஆண்டு. மொத்தம் 12.5 ஆண்டு கழித்துத்தான் சமன். யாருமே சாகாவிட்டால் பத்தே ஆண்டில் சமன். சாவு குறையக் குறைய அடிமை 'மலிவு'.

ஆளுநர் வில்லியம் பெர்க்லி 1671-இல் லண்டனுக்கு அனுப்பிய பதிலில் இதற்குச் சாட்சி இருக்கிறது. முன்பெல்லாம் ஐந்தில் ஒருவர்கூட முதல் ஆண்டைத் தாண்டுவதில்லை, இப்போது அப்படிச் சாவதில்லை என்கிறார். மிகைப்படுத்திய பேச்சுதான், ஆனால் மாற்றம் நடந்தது என்பது தெரிகிறது. மக்கள்தொகை 40,000-க்கு மேல், அதில் கறுப்பு அடிமைகள் 2,000, பணியாளர் 6,000 என்ற கணக்கும் அதே பதிலில்தான். இலவசப் பள்ளியும் அச்சகமும் இங்கே இல்லை, கடவுளுக்கு நன்றி என்று சொன்னவரும் இவரே.

தூண்டில் | மார்ச் 4, மதியம் 1.35

12.5-க்கும் 10-க்கும் இவ்வளவுதானா வித்தியாசம்? இரண்டரை ஆண்டுக்காகவா ஒரு சமூகமே மாறியது?

கணக்கன் | மார்ச் 4, இரவு 8.15

சரியான இடத்தில் பிடித்தீர்கள். என் கணக்கில் ஓட்டை இருக்கிறது. ஐந்தாண்டு தாண்டியவர் யாரும் சாகவே மாட்டார் என்று வைத்துவிட்டேன். முதல் கண்டத்தைத் தாண்டியவருக்குச் சாவு குறையும், நிற்காது. மிஞ்சிய ஐந்து பேரும் தொடர்ந்து செத்துக்கொண்டிருந்தால் சமன் புள்ளி 15, 20 என்று தள்ளிப்போகும், வராமலும் போகலாம். வட்டியும் சேர்க்கவில்லை.

அதையெல்லாம் சேர்த்தாலும் சாவு விகிதம் மட்டும் போதாது. ரசல் மெனார்ட் 1977-இல் வைத்த வாதம் இங்கேதான் வேண்டும். 17-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் இங்கிலாந்தில் கூலி ஏறியது, வேலை தேடும் இளைஞர் குறைந்தனர், வருபவரும் மற்றக் குடியேற்றங்களுக்குப் பிரிந்தனர். பணியாளர் வரத்து சுருங்கியது. தோட்டக்காரன் அடிமையைத் 'தேர்ந்தெடுத்தான்' என்பதைவிட, சந்தையில் பணியாள் கிடைக்காமல் அடிமைக்குப் போனான் என்பது மெனார்ட். 1698-இல் ஆங்கில அடிமை வணிகத்தில் ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனிக்கு இருந்த தனியுரிமை முடிந்ததும் ஆப்பிரிக்காவிலிருந்து வரத்து பெருகியது.

ஜான் கூம்ப்ஸ் 2011-இல் இன்னொரு அடி வைத்தார். மேல்தட்டுத் தோட்டக்காரர்களை மட்டும் தனியே எடுத்தால் அவர்கள் பேக்கன் கலகத்துக்கு வெகு முன்பே அடிமைகளுக்கு மாறிவிட்டார்கள். நடுத்தரத் தோட்டங்கள்தான் பின்னால் மாறின. 1676-ஐத் திருப்புமுனை என்று சுவரில் ஆணியடித்து மாட்டுபவர்கள் இதைப் பார்க்கவும்.

ஏட்டுப்புழு | மார்ச் 4, இரவு 9.50

உங்கள் இரண்டு கணக்கிலும் இன்னொரு ஓட்டை. பெண்ணே இல்லை.

1662 டிசம்பர்ச் சட்டம், குழந்தை தாயின் நிலையையே பெறும் என்கிறது. அப்பன் ஆங்கிலேயனாக இருந்தாலும் அடிமைத்தாயின் பிள்ளை அடிமை. ஆங்கிலச் சட்ட வழக்கம் தந்தை வழி, அதைத் தலைகீழாக்கினார்கள். இதற்கு ஆறு ஆண்டு முன், 1656-இல், எலிசபெத் கீ என்ற பெண் தன் தந்தை ஆங்கிலேயர், தான் ஞானஸ்நானம் பெற்றவள் என்று வழக்காடி விடுதலை வாங்கியிருந்தார். 1662 தந்தை வாதத்தை அடைத்தது, 1667 ஞானஸ்நான வாதத்தை அடைத்தது.

அடிமை வாங்குபவன் ஆளின் உழைப்போடு அவள் பிள்ளைகளையும் சேர்த்தே விலை போட்டான். ஜெனிஃபர் மோர்கன் (எட்மண்டுக்கு உறவில்லை, பெயர்தான் ஒன்று) 2004-இல் எழுதிய நூலின் மையமே இது. எட்மண்ட் மோர்கன் இதைத் தொடாமலில்லை, ஆனால் அவர் நூலில் உழைப்பாளி என்றால் மனக்கண்ணில் வருவது ஆண்தான். நான் இன்று காலையில் 'முக்கியமாகப் படுவது' என்று சிலாகித்த ஆவண மாற்றத்திலேயே இந்தக் குறையும் ஒளிந்திருக்கிறது, ஏனென்றால்...

நாளை எழுதுகிறேன், இது நீளும்.

சும்மா எட்டிப்பார்த்தவன் | மார்ச் 4, இரவு 10.02

சீரியல் மாதிரி 'ஏனென்றால்' என்று நிறுத்திவிட்டுப் போகிறாரே.

ஏட்டுப்புழு | மார்ச் 5, காலை 7.10

தொடர்ச்சி. மோர்கன் நூலின் பின்னிணைப்பு 17-ஆம் நூற்றாண்டு வர்ஜீனிய மக்கள்தொகை பற்றியது. பலரும் அதைப் புரட்டாமல் விட்டுவிடுவார்கள். நூலின் அஸ்திவாரம் அங்கேதான். முழுக் குடிக்கணக்கு எப்போதாவதுதான் எடுத்தார்கள். வருடாவருடம் கிடைப்பது 'டைத்தபிள்' பட்டியல், தலைவரி கட்டவேண்டிய ஆட்களின் எண்ணிக்கை. அதை ஒரு பெருக்கு எண்ணால் பெருக்கி மக்கள்தொகை காண வேண்டும்.

சிக்கல் என்ன? யார் டைத்தபிள் என்பதைச் சட்டம் மாற்றிக்கொண்டே இருந்தது. வயது வரம்பு மாறும், இறக்குமதியானவருக்கு ஒரு விதி, அங்கேயே பிறந்தவருக்கு இன்னொன்று. ஆண்டுதோறும் ஒரே பெருக்கு எண்ணைப் போட்டால் மக்கள் பெருகாத ஆண்டிலும் பெருகியதாகக் காட்டும். மேலும் பெண்கள், குழந்தைகள் விகிதம் கூடக் கூடப் பெருக்கு எண் ஏறவேண்டும். தொடக்கத்தில் ஆண்களே மிகுதி, ஆகவே சின்ன எண். நூற்றாண்டு முடிவில் பெரிய எண்.

பெண் ஒளிந்திருக்கும் இடம் இதுதான்: 1643 சட்டம் 16 வயது நிரம்பிய கறுப்பினப் பெண்களை வரிக்கணக்கில் சேர்த்தது. வெள்ளைப் பெண்கள் அதில் இல்லை. வயலில் வேலைசெய்யும் வெள்ளைப் பணிப்பெண்ணுக்கு 1662-இல் வரி வந்தது, வீட்டில் இருப்பவளுக்குக் கிடையாது. 1668-இல் சட்டமன்றம் விடுதலை பெற்ற கறுப்பினப் பெண்ணும் வரி கட்டியே ஆகவேண்டும் என்று தெளிவாக்கியது. ஒரு கறுப்பின விவசாயி மனைவிக்காக ஆண்டுதோறும் வரி கட்டுவான், பக்கத்து வெள்ளை விவசாயிக்கு அந்தச் செலவு இல்லை. கலகத்துக்கு 33 ஆண்டு முன்பே இனவேறுபாடு வரிச் சீட்டில் ஏறிவிட்டது. கேத்லீன் பிரவுன் 1996-இல் இதை மையமாக்கி எழுதினார். மோர்கனின் பின்னிணைப்பில் பெருக்கு எண்ணுக்கான தகவல், பிரவுன் கையில் அதுவே வாதம்.

தூண்டில் | மார்ச் 5, காலை 11.30

சரி, ஒரு வரி போனது. ஆனால் வெள்ளையர் கறுப்பர் ஒற்றுமை என்பதும் கதைதானா? கலகத்தில் கடைசிவரை சேர்ந்தே நின்றார்கள் என்கிறார்களே.

ஏட்டுப்புழு | மார்ச் 5, மதியம் 2.45

கதை இல்லை, பாதி உண்மை. 1676 செப்டம்பரில் ஜேம்ஸ்டவுனை எரித்தார்கள். அக்டோபரில் பேக்கன் வயிற்றுக்கடுப்பில் செத்தார். அடுத்த ஜனவரியில் தாமஸ் கிரான்தம் என்ற கப்பல் தலைவர் வெஸ்ட் பாயின்டில் எஞ்சியிருந்தோரிடம் பேச்சு நடத்தினார். அவர் சொல்படி ஆயுதத்தோடு ஆங்கிலேயரும் கறுப்பருமாகச் சுமார் 400 பேர். பெரும்பாலோர் கலைந்தனர். 80 கறுப்பரும் 20 ஆங்கிலேயரும் ஆயுதத்தைக் கொடுக்க மறுத்தனர். விடுதலை தருகிறேன் என்று ஆசைகாட்டிச் சிறு படகில் ஏற்றி, தன் கப்பல் பீரங்கிக்கு நேரே கொண்டுபோய்ச் சரணடைய வைத்தார். பெர்க்லி 23 பேரைத் தூக்கிலிட்டார்.

மறு பாதி: இந்தக் கலகம் தொடங்கியதே பூர்வகுடிகளைக் கொல்ல. பேக்கன் ஆட்கள் ஆக்கனீச்சி, பமுங்கி மக்களைத் தாக்கினார்கள். ஆங்கிலேயரிடம் நட்பாக இருந்தவர்கள் இவர்கள். மோர்கன் இதை மறைக்கவில்லை. பூர்வகுடி வெறுப்பு வர்க்கக் கோபத்தைத் திசைதிருப்பும் கருவியாகும் என்பதை அங்கேயே காண்கிறார். 'உழைப்பாளர் ஒற்றுமை' போஸ்டர் அடிப்பவர்கள் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுவார்கள்.

ஏட்டுப்புழு | மார்ச் 5, மாலை 6.20

பிரித்த வேலை சட்டத்தில் எப்படித் தெரிகிறது என்று கேட்டால் 1705 சட்டத் தொகுப்பைத்தான் காட்டுவேன். ஒரே தொகுப்பில் இரண்டு வகை ஏற்பாடு:

வெள்ளைக் கிறித்தவப் பணியாளை, நீதிபதி உத்தரவின்றி உடையைக் களைந்து சவுக்கால் அடிக்கக் கூடாது, மீறினால் 40 ஷில்லிங். ஒப்பந்தம் முடிந்த ஆணுக்கு 10 புஷல் சோளம், 30 ஷில்லிங், குறைந்தது 20 ஷில்லிங் பெறுமான துப்பாக்கி ஒன்று. பெண்ணுக்கு 15 புஷல், 40 ஷில்லிங்.

அடிமையின் மாடு, குதிரை, பன்றி எதுவானாலும் பறித்து விற்று, பணத்தைத் திருச்சபைப் பொறுப்பாளர் அந்தப் பகுதி ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும். ஏழை யார்? வெள்ளை ஏழை. அடிமை வளர்த்த பன்றியை விற்று வெள்ளை ஏழைக்குக் கஞ்சி. மோர்கன் இந்த விதியைச் சும்மா கடந்துபோகவில்லை, நானும் கடக்க மாட்டேன். கொடுத்த துப்பாக்கியும் கவனிக்க வேண்டியது. 1676-இல் ஆயுதத்தைப் பிடுங்கப் பாடுபட்டவர்கள், 29 ஆண்டு கழித்து வெள்ளைப் பணியாளுக்கு அவர்களே கொடுக்கிறார்கள்.

சும்மா எட்டிப்பார்த்தவன் | மார்ச் 5, இரவு 9.30

யேல் என்றதும் நினைவு. நம்ம சென்னைக் கோட்டை எலிஹு யேல் பெயர்தானே அது? பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் அவர் மகன் கல்லறை இருக்கிறது.

ஏட்டுப்புழு | மார்ச் 5, இரவு 10.15

அவரேதான். 1687–92 செயின்ட் ஜார்ஜ் கோட்டை ஆளுநர். 1718-இல் ஒன்பது பொதி சரக்கு, 417 நூல்கள், முதலாம் ஜார்ஜ் படம் ஒன்று அனுப்பினார். சரக்கு விற்ற பணத்தில் கல்லூரிக்குப் பெயர் வந்தது. 1680-களின் கோட்டை ஆலோசனைக் குறிப்புகளில் கம்பெனிக் கப்பல்களில் அடிமைகள் அனுப்பிய செய்தி வருகிறது. அந்தச் சபையில் யேலும் உண்டு. மோர்கன் முப்பது ஆண்டு பாடம் நடத்திய இடத்தின் பெயரில் மதராஸ் கணக்கும் ஒட்டியிருக்கிறது. 2024-இல்தான் பல்கலைக்கழகம் தன் அடிமைமுறைத் தொடர்புகளை நூலாக்கி மன்னிப்புக் கேட்டது.

வர்ஜீனியாவுக்கே நேராகப் போன கீழைநாட்டவரும் உண்டு. 1635-இல் ஜார்ஜ் மெனிஃபி தன் தலைக்கணக்கில் (அழைத்துவந்த ஆட்களைக் காட்டி நிலம் கேட்கும் பட்டியல்) 'டோனி, கிழக்கிந்தியர்' என்று ஒருவரைக் காட்டி நிலம் கேட்கிறார். தமிழரா வங்காளியா என்று அந்த வரியை வைத்துச் சொல்ல முடியாது. ஆகவே யாரும் கொடி கட்டக் கிளம்ப வேண்டாம்.

கணக்கன் | மார்ச் 6, காலை 9.00

தலைக்கணக்கு பற்றி ஒரு எச்சரிக்கை. ஆளைக் கப்பலில் அழைத்துவந்தவருக்குத் தலைக்கு 50 ஏக்கர். பட்டாவில் எத்தனை பெயரோ அத்தனை 50. அந்தோனி ஜான்சன் என்ற விடுதலை பெற்ற கறுப்பின விவசாயி 1651-இல் ஐந்து பெயருக்கு 250 ஏக்கர் வாங்கியது சரியாகப் பொருந்தும். ஆனால் பட்டா ஆண்டு வந்திறங்கிய ஆண்டு அல்ல. உரிமைச் சீட்டைக் கைமாற்றினார்கள், ஆண்டுக்கணக்கில் பூட்டிவைத்துப் பிறகு காட்டினார்கள், ஒரே ஆளை மாலுமியும் வணிகரும் இரண்டு முறை காட்டினார்கள். பட்டாக்களைக் கூட்டிக் குடியேற்றம் இவ்வளவு என்று அட்டவணை போடுபவரை நம்ப வேண்டாம்.

அதே ஜான்சனை 'அமெரிக்காவின் முதல் அடிமை முதலாளி ஒரு கறுப்பர்' என்று பரப்புகிறார்கள். அவர் ஜான் கேசரை வாழ்நாள் பணியாளாக நிலைநாட்டிய வழக்கு 1655. ஓடிப்போன மூவரில் ஜான் பஞ்சுக்கு மட்டும் ஆயுள் அடிமைத்தனம் விதித்த தீர்ப்பு 1640, மற்ற இரு ஐரோப்பியருக்கும் சில கூடுதல் ஆண்டுகள்தான்.

ஏட்டுப்புழு | மார்ச் 6, மதியம் 12.40

ஜான்சன் ஏன் இவ்வளவு பிரபலம் என்றால், அவர் வாழ்ந்த, வர்ஜீனியாவின் கிழக்குக் கரையிலுள்ள நார்த்தாம்ப்டன் கவுன்ட்டியின் நீதிமன்ற ஏடுகள் 1632-இலிருந்து இடைவிடாமல் தப்பின. காலனியின் தலைமை நீதிமன்றமான ஜெனரல் கோர்ட்டின் பதிவுகள் 1865 ஏப்ரலில் ரிச்மண்ட் எரிந்தபோது பெரும்பாலும் போயின. ஜான் பஞ்ச் தீர்ப்பே தப்பிய துணுக்கில்தான் கிடைத்தது. ஆகவே 'கிழக்குக் கரையில் கறுப்பர் சுதந்திரமாக வாழ்ந்தார்கள், மற்ற இடத்தில் இல்லை' என்ற முடிவில் பாதி தீயின் வேலை. மோர்கனின் மாணவர் டி. எச். பிரீன், ஸ்டீபன் இன்னிஸோடு சேர்ந்து 1980-இல் இந்தக் கரையைப் பற்றியே தனி நூல் எழுதினார்.

தூண்டில் | மார்ச் 7, இரவு 8.20

தலைப்பை மாற்ற விரும்பவில்லை, கேள்விக்குறி இருக்கட்டும். ஹெனிங் தொகுத்த வர்ஜீனியச் சட்டத் திரட்டில் (13 தொகுதி, 1809–1823) முதல் தொகுதியைத் திறந்தேன். நீங்கள் 1643 என்ற பெண்கள் வரிச் சட்டம் அதில் 1642 மார்ச் என்று இருக்கிறது. எது சரி?

ஏட்டுப்புழு | மார்ச் 7, இரவு 9.05

இரண்டும். அன்றைய ஆங்கில ஆண்டு மார்ச் 25-இல் பிறக்கும். ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரை பழைய ஆண்டு எண்ணே ஓடும். இதில் சறுக்கிய பெரிய ஆட்கள் உண்டு. '1619 மார்ச்' என்று தேதியிட்ட குடிக்கணக்கில் 32 ஆப்பிரிக்கர்கள், 15 ஆண் 17 பெண். ஆகஸ்ட் 1619-இல் பாயின்ட் கம்ஃபர்ட்டில் '20-க்கு மேல்' வந்திறங்கியதற்கு முன்பே ஆப்பிரிக்கர் இருந்தார்கள் என்று 1995-இல் வில்லியம் தார்ன்டேல் எழுதினார். மார்த்தா மெக்கார்ட்னி 1999-இல் அது நம் கணக்கில் 1620 மார்ச் என்று காட்டினார். ஒரு காலண்டர் பிழை, ஏழு மாதம் பின்னே வந்த கணக்கை ஐந்து மாதம் முன்னே தள்ளிவிட்டது.

நீங்கள் குறிப்பெடுக்கும்போது 1642/43 என்று சாய்கோடு போட்டே எழுதுங்கள். டிசம்பர் 1662-க்கு அது வேண்டாம்.